எழும்பூர் ஸ்டேஷன்: ராஜபாளையம்காரர்களின் தலைவாசல்!

17 லட்ச ரூபாயில் எழுந்த சிவப்பு மாளிகை * டிரங்குப் பெட்டியில் பயணம் செய்த பிணம் * ஊர் போய்ச் சேராத தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்

ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்திலோ, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலோ யாரையாவது நிறுத்தி, "அண்ணாச்சி, மெட்ராசுக்குப் போனா எங்கே இறங்குவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

சென்ட்ரல் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "எழும்பூர்தான் தம்பி, வேற எங்கே?" என்பார்கள்.

சென்ட்ரல் வடக்கே போகிறவர்களுக்கு. எழும்பூர் நமக்கு. வேலை தேடிப் போன பையன், கோர்ட்டு கேசுக்குப் போன பெரியவர், கண் ஆபரேஷனுக்குப் போன பாட்டி, பால்கோவா டப்பாவோடு மகள் வீட்டுக்குப் போன அம்மா எல்லோரும் கால் வைத்தது அந்த பிளாட்பாரத்தில்தான்.

அந்த எழும்பூர் ஸ்டேஷனில் இப்போது பெரிய வேலை நடக்கிறது. 2022-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி பிரதமர் மோடி சென்னையில் அடிக்கல் நாட்டினார். எழும்பூருக்கு மட்டும் 734 கோடியே 91 லட்சம் ரூபாய் திட்டம்!

நூறு வருஷத்துக்கு மேல் நம்மை இறக்கி ஏற்றிய ஸ்டேஷன் அது. அதன் கதை என்ன? அந்தச் சுவர்கள் எதையெல்லாம் பார்த்தன? இனி நம் ஊர் ரெயிலுக்கு அங்கே இடம் உண்டா? பார்ப்போம்.

வெடிமருந்து இருந்த இடம்

எழும்பூர் ஒரு காலத்தில் தனி கிராமம். 1693-ம் ஆண்டில் அது கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்தது. புரசைவாக்கமும், தண்டையார்பேட்டையும் அதோடு சேர்ந்து வந்தவைதான்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு மேற்கே காவலுக்கு ஓர் இடம் வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் எழும்பூரில் ஒரு குட்டிக் கோட்டை வைத்திருந்தார்கள். வெடிமருந்து வைக்கிற இடம் அது. இன்றைக்கு ரெயில் நிற்கிற பகுதி அதைச் சேர்ந்ததுதான்.

தென்னிந்தியாவின் முதல் ரெயில் எழும்பூரில் கிளம்பவில்லை. 1856-ம் ஆண்டு ஜுலை 1-ந் தேதி ராயபுரத்தில் இருந்துதான் அது கிளம்பியது. 1873-ல் சென்ட்ரல் வந்தது. தெற்கே போகிற பாதை "சவுத் இண்டியன் ரெயில்வே" என்ற கம்பெனியின் பாதை. அந்தக் கம்பெனிக்கு எழும்பூரில் இருந்தது சாதாரண ஸ்டேஷன்.

அந்தப் பழைய ஸ்டேஷனுக்கும் ஒரு பெருமை உண்டு. 1897-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி சுவாமி விவேகானந்தர் அங்கேதான் வந்து இறங்கினார். அமெரிக்கா, ஐரோப்பா எல்லாம் சுற்றிவிட்டு, சிலோன் வழியாகப் பாம்பன் வந்து, ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் என்று ஊர் ஊராக வந்தவர் அவர்.

வழியில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே ரெயில் நிற்காது. சனங்கள் கூடிவிட்டார்கள். "ஒரு நிமிஷமாவது நிறுத்துங்க" என்று ஸ்டேஷன் மாஸ்டரைக் கெஞ்சினார்கள். அவர் முடியாது என்றார். உடனே தண்டவாளத்திலேயே விழுந்துவிட்டார்கள்! கார்டு பயந்துபோய் வண்டியை நிறுத்தினார். விவேகானந்தர் வெளியே வந்து கும்பிட்ட பிறகுதான் ரெயில் நகர்ந்தது.

எழும்பூரில் இறங்கியதும் வாலிபர்கள் அவர் வண்டியில் இருந்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துப் போனார்கள்.

"எங்க ஊர்ல ரெயில் நிக்கணும்" என்கிற போராட்டம் நேற்று இன்று தொடங்கியது அல்ல!

டாக்டர் விற்ற நிலம்

தெற்கே போகிற கூட்டம் பெருகிவிட்டது. பெரிய ஸ்டேஷன் கட்ட வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. இடம் வேண்டுமே?

எழும்பூரில் டாக்டர் புல்னி ஆண்டி என்பவருக்கு நிலம் இருந்தது. இவர் சாதாரண ஆள் இல்லை. அந்தக் காலத்திலேயே கடல் தாண்டிப் போய் பிரிட்டனில் டாக்டருக்குப் படித்துப் பட்டம் வாங்கி வந்த தமிழர். "வெள்ளைக்கார பாதிரிமார் கீழே நாம் ஏன் இருக்க வேண்டும்?" என்று 1886-ல் சென்னையில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று தேசிய சபை ஒன்றைத் தொடங்கியவரும் இவர்தான்.

அவரிடம் இருந்து 1.83 ஏக்கர் நிலத்தை ரெயில்வே கம்பெனி வாங்கியது. விலை 1 லட்ச ரூபாய்! இரண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. அன்றைய ஒரு லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்று கடைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1905-ம் ஆண்டு செப்டம்பரில் கட்டட வேலை ஆரம்பமானது. பிளான் விஷயத்தில் பெரிய கை ஹென்றி இர்வின் என்ற என்ஜினீயர். மைசூர் மகாராஜா அரண்மனை, சிம்லாவில் வைசிராய் மாளிகை எல்லாம் இவர் கைவண்ணம்தான். சென்னை ஐகோர்ட்டுக் கட்டடத்திலும் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கல்லும் செங்கல்லும் அடுக்கிக் கட்டி முடித்த கான்ட்ராக்டர் யார் தெரியுமா? பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை. மொத்தச் செலவு 17 லட்ச ரூபாய்.

1908-ம் ஆண்டு ஜுன் மாதம் 11-ந் தேதி ஸ்டேஷன் திறக்கப்பட்டது. 300 அடி நீளம், 71 அடி அகலம். சிவப்புச் செங்கல், வெள்ளைப் பூச்சு, மேலே கும்மட்டம். கொஞ்சம் மொகலாயர் பாணி, கொஞ்சம் வெள்ளைக்காரப் பாணி. முதல் தடவை பட்டணம் பார்க்க வந்தவர்கள் "இது ராஜா அரண்மனையோ" என்று நினைத்துக்கொண்டால் ஆச்சரியம் இல்லை. அரண்மனை கட்டுகிற ஆள் போட்ட பிளான்தானே!

இந்த ஸ்டேஷனுக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. காரிலேயே பிளாட்பாரம் வரை போய் இறங்கலாம். கார் கதவைத் திறந்தால் எதிரே ரெயில் பெட்டி. பணக்காரர்களுக்கு மட்டும் இல்லை, நடக்க முடியாத வயசானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது பெரிய உதவி.

"காந்தி இர்வின்" எந்த இர்வின்?

ஸ்டேஷன் வாசலில் ஓடுவது காந்தி இர்வின் ரோடு. ஸ்டேஷன் பிளானில் ஓர் இர்வின். ரோட்டில் ஓர் இர்வின். இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்!

ரோட்டில் இருக்கிற இர்வின் வைசிராய் இர்வின் பிரபு. 1931-ம் ஆண்டு மார்ச்சில் காந்தியும் அவரும் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் காந்தி-இர்வின் ஒப்பந்தம்.

அதே 1931-ல் எழும்பூர் வழியாக மின்சார ரெயிலும் வந்துவிட்டது. கடற்கரை ஸ்டேஷனில் இருந்து தாம்பரம் வரை. தென்னிந்தியாவிலேயே முதல் மின்சார ரெயில் அதுதான். மாம்பலத்திலும், சைதாப்பேட்டையிலும், பல்லாவரத்திலும் குடியிருந்துகொண்டு கோட்டைப் பக்கம் ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா வர்க்கம் வளர்ந்தது இந்த ரெயிலால்தான்.

ஸ்டேஷனைச் சுற்றி ஊர் வளர்ந்தது. கென்னத் லேன் முழுக்க லாட்ஜுகள். அதே தெருவில் மகாபோதி சங்கம் இருக்கிறது. சிலோனில் இருந்து புத்தகயாவுக்குப் போகிற பவுத்த யாத்ரீகர்கள் தங்குகிற இடம். அதனால்தான் எழும்பூரில் சிங்களம் பேசுகிற கூட்டத்தை இன்றும் பார்க்கலாம்.

பாந்தியன் ரோட்டுப் பக்கம் போனால் மியூசியம். 1851-ல் தொடங்கியது. பக்கத்தில் 1896-ல் திறந்த கன்னிமரா நூலகம். "ஆஸ்பத்திரி" என்றால் இரண்டு. ஒன்று, பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும். இன்னொன்று, 1819-ல் தொடங்கிய கண் ஆஸ்பத்திரி. உலகத்திலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று.

நம் பக்கத்தில் இருந்து போனவர்கள் ரெயிலை விட்டு இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறாமலே கண் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனது உண்டு. ஏழைக்கு ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இந்த விஷயத்துக்கு வர வேண்டியிருக்கும்.

போலீஸ் கமிஷனர் ஆபீசும் பல காலம் எழும்பூரில்தான் இருந்தது. 2013-ல் வேப்பேரிக்குப் போனது. பழைய கட்டடம் 2021-ல் போலீஸ் மியூசியம் ஆனது. ஆக, குற்றக் கதைகளுக்கும் எழும்பூருக்கும் சம்பந்தம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் நம்ம ஊர் ரெயில் கதையைப் பார்த்துவிடுவோம்.

வண்டி கட்டிப் போன காலம்

எழும்பூர் மாளிகை திறந்த 1908-ல் ராஜபாளையத்துக்கு ரெயிலே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிடையாது!

மதுரையில் இருந்து தூத்துக்குடிக்குப் போகிற பாதை 1876-லேயே வந்துவிட்டது. ஆனால் அது விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகும். நம் பக்கத்து வியாபாரி மெட்ராஸ் போக வேண்டும் என்றால் மாட்டு வண்டி கட்டி சாத்தூருக்கோ, அன்று விருதுபட்டி என்று பெயர் இருந்த விருதுநகருக்கோ போய்த்தான் ரெயில் ஏற வேண்டும்.

செங்கோட்டையில் இருந்து மலையைக் குடைந்து புனலூர், கொல்லம் போகிற பாதை 1904-ல் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் செங்கோட்டை, இந்தப் பக்கம் விருதுநகர். நடுவில் நாம்!

1927-ம் ஆண்டுதான் விருதுநகர்-தென்காசி பாதை திறந்தார்கள். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் எல்லாம் ரெயில் பார்த்தது அதற்குப் பிறகு.

அப்புறம் என்ன? எழும்பூரில் ஏறினால் நேரே ஊர். கொல்லம் மெயில் என்று சொன்னால் வயசானவர்கள் முகத்தில் இன்றும் சிரிப்பு வரும். கரி என்ஜின். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் கண்ணில் கரித்தூள். காலையில் இறங்கும்போது வெள்ளைச் சட்டை பழுப்புச் சட்டை ஆகியிருக்கும். இருந்தாலும் "நம்ம வண்டி" என்று ஒரு சொந்தம்.

ரெயில் வந்த பிறகு ஊர் வேகமாக வளர்ந்தது. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பஞ்சு, நூல், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி என்று இந்த வட்டாரம் தொழில் வட்டாரம் ஆனது.

ராஜபாளையத்தில் இருந்து போன பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949-ல் சென்னை ராஜ்ய முதல்-மந்திரி ஆனார். 1952 வரை அந்தப் பதவியில் இருந்தார். பதவியில் இருந்தவர் சொத்துச் சேர்க்கவில்லை. தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பிறகு 1954-ல் அதே பாதையில் இருக்கிற விருதுநகர்க்காரர் காமராஜர் முதல்-மந்திரி ஆனார். ஆக, விருதுநகர் பாதை சென்னைக் கோட்டைக்கு இரண்டு முதல்-மந்திரிகளை அனுப்பியிருக்கிறது.

எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்கு ஓட்டம்!

பழைய ரெயில்களைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. எழும்பூர் மீட்டர் கேஜ் ஸ்டேஷன். அதாவது தண்டவாள அகலம் ஒரு மீட்டர். சென்ட்ரல் அகலப் பாதை. 5 அடி 6 அங்குலம். இந்த ரெயில் அந்தத் தண்டவாளத்தில் ஓடாது. அந்த ரெயில் இதில் ஓடாது.

பம்பாய்க்குப் போகிற நம்ம ஊர் ஆள் என்ன செய்வார்? எழும்பூரில் இறங்கி, பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கு ஓட வேண்டும். தூரம் என்னவோ இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ரெயில் லேட்டாக வந்துவிட்டால் அந்த இரண்டு கிலோமீட்டர் இருபதாகத் தெரியும்!

இந்த ஓட்டத்தில் பிழைத்தவர்கள் பலர். முதலில் ஜட்கா வண்டி. அப்புறம் கை ரிக்ஷா. மனுஷனை மனுஷன் இழுக்கிற வண்டி. 1973-ல் கலைஞர் கருணாநிதி அரசு கை ரிக்ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்ஷா கொடுத்தது. அதற்குப் பிறகு ஆட்டோ. 2018-ம் ஆண்டு மே 25-ந் தேதி முதல் எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் பூமிக்கு அடியில் மெட்ரோ ரெயில் ஓடுகிறது. அன்று மூச்சு வாங்க ஓடிய தூரம், இன்று உட்கார்ந்து செல்போன் பார்ப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

பெட்டிக்குள் தலை இல்லாத பிணம்

இனி குற்றக் கதை.

எழும்பூரில் புறப்பட்ட ரெயில்களிலேயே பெயர் பெற்றது "போட் மெயில்". 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரெயில் நேரே தனுஷ்கோடி போகும். அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் சிலோன். எழும்பூரிலேயே கொழும்பு வரைக்கும் டிக்கெட்! இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்றும் சொல்வார்கள்.

1952-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். எழும்பூரில் புறப்பட்ட இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் மானாமதுரைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டியில் பயணிகள் மூக்கைப் பொத்தினார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. யாருடையது என்று கேட்டால் யாருமே சொந்தம் கொண்டாடவில்லை.

மானாமதுரையில் போலீசார் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஆண் பிணம். தலை இல்லை!

அதே நேரத்தில் சென்னையில் பேனா வியாபாரி ஆளவந்தாரைக் காணவில்லை என்று புகார் வந்திருந்தது. சீனா பஜாரில் பேனா விற்றவர் அவர். ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. சென்னை டாக்டர்கள் தலையையும் உடலையும் பொருத்திப் பார்த்து, இரண்டும் ஒருவருடையதே என்று சொன்னார்கள். பிணம் ஆளவந்தார்தான்!

ராயபுரத்தில் குடியிருந்த ஒரு கணவனும் மனைவியும் பம்பாயில் பிடிபட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆளவந்தாருடன் முன்பு பழக்கம் இருந்ததும், அதனால் வந்த ஆத்திரமும்தான் கொலைக்குக் காரணம் என்று கோர்ட்டில் தெரிந்தது. 1953-ல் ஐகோர்ட்டு நீதிபதி ஏ.எஸ்.பி.அய்யர் தீர்ப்புச் சொன்னார். கணவனுக்கு 7 வருஷம், மனைவிக்கு 3 வருஷம் ஜெயில்.

அந்த வழக்கு நடந்தபோது கோர்ட்டு வாசலில் சனக்கூட்டம் தாங்க முடியவில்லை. எழும்பூர் ஸ்டேஷனில் ஆளில்லாத பெட்டியைப் பார்த்தால் பயப்படுகிற பழக்கம், குண்டு வெடிப்புக்கு எல்லாம் முன்னாலேயே நம் சனங்களுக்கு வந்துவிட்டது.

இதே போட் மெயில் இன்னொரு கதையிலும் வருகிறது. தனுஷ்கோடி பாதை வருவதற்கு முன்னால் அது தூத்துக்குடியில் இருந்து மெட்ராசுக்கு ஓடியது. 1911-ம் ஆண்டு ஜுன் 17-ந் தேதி. நெல்லை கலெக்டர் ஆஷ் துரை கொடைக்கானல் போவதற்காக மணியாச்சி ஜங்ஷனில் தம் மனைவியோடு ரெயில் பெட்டியில் காத்திருந்தார். அந்தப் பெட்டி போட் மெயிலில் சேர வேண்டும். அப்போதுதான் செங்கோட்டை வாஞ்சிநாதன் வந்து சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார்.

ஊர் போய்ச் சேராத ரெயில்

1956-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி இரவு. எழும்பூரில் இருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. திருச்சி, மதுரை, விருதுநகர் வழியாகப் போகிற ரெயில். மறுநாள் காலையில் ஊரில் காபி குடிக்கலாம் என்று படுத்தவர்கள்.

மழைக்காலம். அரியலூர் தாண்டி மருதையாற்றில் வெள்ளம். 23-ந் தேதி விடியற்காலையில் ரெயில் பாலத்தின் மேல் ஏறியது. வெள்ளம் அரித்திருந்த பாதை உள்ளே போனது. என்ஜினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன.

140 பேருக்கு மேல் செத்தார்கள். தூக்கத்திலேயே போனவர்கள் எத்தனையோ பேர்.

டெல்லியில் ரெயில்வே மந்திரியாக இருந்தவர் லால்பகதூர் சாஸ்திரி. அதே வருஷம் மகபூப்நகரில் நடந்த விபத்துக்கே ராஜினாமா கொடுத்தார். நேரு வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அரியலூருக்குப் பிறகு அவர் கேட்கவில்லை. "பொறுப்பு என்னுடையது" என்று விலகிவிட்டார். இந்த முறை நேருவும் ஏற்றுக்கொண்டார்.

சாஸ்திரி ரெயில் ஓட்டவில்லை. பாலம் கட்டவில்லை. ஆனாலும் விலகினார். அதற்குப் பிறகு எத்தனையோ விபத்துக்கள். ஒவ்வொன்றிலும் சனங்கள் சாஸ்திரி பெயரை நினைக்கிறார்கள்.

எட்டு வருஷம் கழித்து இன்னொரு அடி. 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியில் புயல். பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரெயில் அலையில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. எழும்பூரில் ரெயில் ஏறிக் கொழும்பு போகிற காலம் அன்றோடு முடிந்தது. போட் மெயில் ராமேசுவரத்தோடு நின்றுகொண்டது.

மீட்டர் கேஜ் போனது, பொதிகை வந்தது

1977-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி மதுரைக்கும் எழும்பூருக்கும் வைகை எக்ஸ்பிரஸ் விட்டார்கள். மீட்டர் கேஜில் இவ்வளவு வேகமா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பகலிலேயே மதுரையில் இருந்து மெட்ராஸ்! நம்மவர்கள் விடியற்காலை பஸ் பிடித்து மதுரை போய் வைகையில் ஏறினார்கள்.

ஆனால் மீட்டர் கேஜுக்கு நாள் குறித்தாகிவிட்டது. நாடு முழுக்க ஒரே அகலப் பாதை என்று முடிவானது. ஒவ்வொரு பாதையாகப் பிரித்துப் போட்டார்கள். அகலப் பாதை வேலை நம் பக்கம் நடந்தபோது ஊர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமா? ரெயில் இல்லாமல் பஸ்சையே நம்பிக் கிடந்தார்கள். பண்டிகைக் காலத்தில் ஆம்னி பஸ் வைத்ததுதான் கட்டணம்.

2004-ம் ஆண்டில் விடிவு பிறந்தது. எழும்பூருக்கும் செங்கோட்டைக்கும் பொதிகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அதே 2004-ம் ஆண்டு ஜுலை 1-ந் தேதிதான் சென்னையில் கடற்கரை-தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரெயில் கடைசியாக ஓடியது.

கொல்லம் பக்கம் இன்னும் தாமதம். செங்கோட்டை-புனலூர் மலைப் பாதையை 2010-ல் மூடினார்கள். சுரங்கங்களை அகலப்படுத்தி, பதிமூன்று கண் பாலத்தைப் பலப்படுத்தித் திரும்பத் திறக்க 2018 ஆகிவிட்டது. அதன் பிறகு எழும்பூர்-கொல்லம் எக்ஸ்பிரஸ் மறுபடியும் ராஜபாளையம் வழியாக ஓடுகிறது. பழைய கொல்லம் மெயிலின் பேரப்பிள்ளை!

நமக்கு என்ன கிடைக்கும்?

இப்போது கேள்விக்கு வருவோம். 734 கோடி ரூபாய் வேலையில் நமக்கு என்ன?

1908-ல் கட்டிய சிவப்புக் கட்டடத்தை இடிக்கப் போவதில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றிலும் புதுக் கட்டடங்கள், கார் நிறுத்த அடுக்கு மாடி, பயணிகள் வர ஒரு வழி, போக ஒரு வழி என்பதுதான் திட்டம். காந்தி இர்வின் ரோட்டுப் பக்கமும், பூந்தமல்லி ஹைரோட்டுப் பக்கமும் வேலை நடக்கிறது. நல்ல விஷயம்தான். 11 பிளாட்பாரம் இருக்கிற ஸ்டேஷனில் வசதி போதவில்லை என்பது உண்மை.

ஆனால் வேலை நடப்பதைக் காரணம் காட்டி 2025-ல் சில தென்மாவட்ட ரெயில்களைத் தற்காலிகமாகத் தாம்பரத்தோடு நிறுத்தினார்கள். புதிதாக விடுகிற ரெயில்களுக்கும் தாம்பரத்தையே காட்டுகிறார்கள். 2023 ஏப்ரலில் செங்கோட்டைக்கு விட்ட புது ரெயிலும் தாம்பரம் ரெயில்தான். பஸ் நிலையமும் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் போய்விட்டது.

கார் வைத்திருக்கிறவருக்குத் தாம்பரமும் ஒன்று, எழும்பூரும் ஒன்று. ஆனால் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டிக்கு? கையில் பிரசவக் கேஸ் சீட்டோடு போகிற குடும்பத்துக்கு? ஐகோர்ட்டில் காலை பத்தரை மணிக்கு ஆஜராக வேண்டிய பெரியவருக்கு? விடியற்காலையில் தாம்பரத்தில் இறக்கிவிட்டால், மூட்டை முடிச்சோடு மின்சார ரெயில் கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மறுபடி ஒரு டிக்கெட், மறுபடி படி ஏறி இறங்கு.

அன்று எழும்பூரில் இருந்து சென்ட்ரலுக்கு ஓடினோம். இனி தாம்பரத்தில் இருந்து எழும்பூருக்கு ஓடு என்றால் எப்படி?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு எழும்பூர் போக தினசரி நேர் ரெயில் என்று சொல்லிக்கொள்ள இருப்பது பொதிகையும், கொல்லம் எக்ஸ்பிரசும்தான். சிலம்பு எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாள் மட்டும். தீபாவளி, பொங்கல் டிக்கெட் என்றால் கவுண்ட்டர் திறந்த சில நிமிஷத்தில் காலி. 2024 நவம்பர் முதல் தேதியில் இருந்து 120 நாளுக்கு முன்னால் என்று இருந்த ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னால்தான் என்று மாறியிருக்கிறது. அதை மறந்துவிட்டு பழைய கணக்கில் இருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஆகவே ரெயில்வே அதிகாரிகளுக்கு நம் வட்டாரத்துப் பயணிகள் வைக்கிற கோரிக்கை மூன்று.

ஒன்று: எழும்பூர் வேலை முடிந்ததும் தாம்பரத்துக்குத் தள்ளிய தென்மாவட்ட ரெயில்களை மறுபடி எழும்பூருக்கே கொண்டுவர வேண்டும். "தற்காலிகம்" என்ற வார்த்தை நிரந்தரம் ஆகிவிடக் கூடாது.

இரண்டு: விருதுநகர்-தென்காசி பாதையில் எழும்பூருக்கு இன்னொரு தினசரி ரெயில் வேண்டும். பகல் ரெயிலாக இருந்தாலும் சரி.

மூன்று: புது ஸ்டேஷனில் பளபளப்புக்கு நடுவே வயசானவர்களும் நோயாளிகளும் பிளாட்பாரம் வரைக்கும் வண்டியில் போக ஒரு வழி வைக்க வேண்டும். 1908-ல் கட்டிய வெள்ளைக்காரனுக்குத் தோன்றிய வசதி, இன்று கட்டுகிற நமக்குத் தோன்றாமல் போகலாமா?

டாக்டர் ஆண்டி நிலம் கொடுத்தார். சாமிநாத பிள்ளை கட்டினார். ஜட்காக்காரரும், ரிக்ஷாக்காரரும், சிவப்புச் சட்டைப் போர்ட்டரும் சுமந்தார்கள். டிக்கெட் வாங்கியது நம் தாத்தாவும் அப்பாவும்.

அந்த ஸ்டேஷனில் நம் ரெயிலுக்கு ஒரு பிளாட்பாரம் கேட்பது தர்மத்துக்குக் கேட்பது இல்லை. பாத்தியதைக்குக் கேட்பது.